எட்டாம் நம்பர் பிள்ளை

எட்டாம் நம்பரை வாங்க மாட்டோம் என்று தாய்மார்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். கிள்ளானில் என் அக்கா தன் வீட்டுக் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு தொடங்கிய முதல் சனிக்கிழமை அது. வகுப்பு என்றால் கரும்பலகை, பயிற்சித்தாள் எல்லாம் கிடையாது. விளையாட்டு, படப் புத்தகம், கைதட்டல், ஓட்டம் என்று எண்களைப் பழக்குவதுதான். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு எண். அது எழுதிய அட்டையை வருஷம் முழுக்க வகுப்பில் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு அடிதடி. மூன்றுக்கு முகச்சுளிப்பு. எட்டு என்றதும் எல்லாரும் தங்கள் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"சனி நம்பர் டீச்சர். கோவிச்சுக்காதீங்க லா, வீட்டுல தெரிஞ்சா ஏசுவாங்க," என்றார் ஒருவர்.

அக்காவின் பக்கத்து வீட்டுச் சீனர் தன் காருக்கு எட்டு எட்டாக நம்பர் வாங்கி மாட்டி, தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நம் ஆட்கள் அதே எட்டைக் கண்டால் தலைதெறிக்க ஓடுகிறார்கள். இதை நான் சத்தமாகவே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மிச்சம் கிடந்த அந்த அட்டையை எடுத்து என் மகளின் கழுத்தில் மாட்டினாள்.

"நம்ம பிள்ளதானே," என்றாள்.

நம்ம பிள்ளை என்றால் சனி பிடித்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்கிறவள் நான். அதனால் வாயைத் திறக்க வழியில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் அந்த எட்டு ஆடியதைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது உண்மை.

பிள்ளைகளுக்கு எண் கொடுத்ததற்கே இன்னொரு பயம்தான் காரணம். அன்று காலை எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க, அக்கா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணப் போனாள். மூன்றாவது தலைக்கு வருவதற்குள் ஓர் அம்மா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைய எண்ணாதீங்க டீச்சர். எண்ணுனா குறையும்."

அவருக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை தவறியிருந்தது. குடும்ப விசேஷம் ஒன்றில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து யார் எண்ணினார்கள், எந்தக் கையால் எண்ணினார்கள் என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. அவர் அதைச் சொல்லி முடித்தபோது கூடத்தில் இருந்த மற்ற அம்மாக்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால்கூட நேராகச் சொல்ல மாட்டார்களாம். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் எண்ணக் கூடாது என்று ஒரு விதி. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

அக்கா என்னைப் போல் இல்லை, நெளிவு சுளிவு தெரிந்தவள். பெரியவர்கள் யாரும் எண்ண வேண்டாம், பிள்ளைகளே தங்கள் எண்ணை வரிசையாகச் சொல்லட்டும், அது எண்ணுவதாகாது அல்லவா என்று கேட்டாள். அம்மாக்கள் கொஞ்சம் யோசித்து, அது ஆகாதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்த அட்டைகளும் எண் சொல்லும் வழக்கமும் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டுவரை வந்துவிட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ஜோகூரில் வேலையாக இருக்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். சனிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி கிள்ளானுக்குப் போய் அக்காவுக்கு உதவுவது என் வழக்கமாகியிருந்தது. கடையில் மிஞ்சும் தடித்த காகிதத்தையெல்லாம் நான் விடுவதில்லை. எண் அட்டைகள், தாயக்கட்டைகள், படப் புத்தகங்கள் எல்லாம் அதில்தான் செய்தேன். என் மகளின் எட்டுக்குப் பின்பக்கத்தில் பாதிப் பிள்ளையாரும், 'சுற்றமும் நட்பும்' என்ற தங்க எழுத்தும் இருந்தன.

நான் வரைந்த புத்தகங்களில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பஸ் புத்தகம். முதல் பக்கத்தில் காலி பஸ் ஒன்று நிற்கும். அடுத்த பக்கத்தில் குடை பிடித்த ஆன்டி ஒருவர் ஏறுவார். அதற்கடுத்ததில் துரியான் மூட்டையோடு ஓர் அங்கிள். பக்கத்துக்கு ஒருவராக ஏறி ஏறி, கடைசிப் பக்கத்தில் பஸ் பிதுங்கி வழியும். யாரும் இறங்குவதே இல்லை. இறங்குகிற மாதிரி இன்னொரு புத்தகம் செய்யவா என்று கேட்டேன். கூட்டல் முதலில், கழித்தல் அடுத்த வருஷம் என்றாள் அக்கா.

அந்தப் புத்தகத்தை வைத்து நானே ஒரு விளையாட்டும் செய்தேன். நாற்காலிகளைப் பஸ் மாதிரி வரிசையாகப் போட்டு, பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்துவோம். ஒருவர் ஏறித் தன் எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சில நேரம் வேடிக்கைக்காக இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பேன். யார் முதலில் ஏறிச் சொல்கிறாரோ அவருக்குத்தான் இடம். இரண்டாவதாக வருகிற பிள்ளையைப் பார்த்து எல்லாரும் "ஏறியாச்சு! ஏறியாச்சு! அவுட்டு!" என்று கத்துவார்கள். அந்தப் பிள்ளை கீழேயே நிற்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஓர் எண், ஒரு பொருளை இரண்டு தரம் எண்ணக் கூடாது என்பதை இதைவிட அழகாக யார் சொல்லிக்கொடுக்க முடியும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மகள் அந்த விளையாட்டில் ஒரு தரம்கூட விதியை மீறியதில்லை. அவள் அப்படிப்பட்ட பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். குரல்தான் எழும்பாது. எண் சொல்லும்போது ஏழு கணீரென்று வரும், பிறகு ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் எங்கோ என் மகளின் எட்டு. அவளுக்கு அடுத்தது ஒன்பதாம் நம்பர்க்காரி. அவளும் ஐந்து வயதுதான், ஆனால் ஆறு பேருக்குச் சேர்த்துப் பேசுவாள். என் மகள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விடும். "எட்டு, ஒம்போது!" என்று இரண்டையும் தானே சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் முதுகில் தட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். என் மகளும் சிரிப்பாள். யாரோ தன் பாரத்தைத் தூக்கிக்கொண்ட மாதிரி நிம்மதியாகச் சிரிப்பாள்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்தாம் நம்பர்ப் பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. எண் சொல்லச் சொன்னபோது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வந்தது. நான்குக்குப் பிறகு ஒரு நொடிதான் இடைவெளி. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தாற்போல் "அஞ்சு!" என்றார்கள். வரிசை அப்படியே ஓடிப் பன்னிரண்டில் போய் நின்றது. அக்கா கைதட்டினாள். அந்தப் பையன் உட்காரும் இடத்தில் வெறும் பாய் கிடந்தது.

அன்று பிள்ளைகள் போனபிறகு குசினியில் அக்காவிடம் சொன்னேன். "இதுங்க எண்ணல. பாட்டுப் பாடுதுங்க. நடுவுல ஒரு வரி விட்டா பாட்டு நிக்கும்னு யாராவது ஒண்ணு பாடிடுது. ஆளு இல்லன்னாலும் கணக்கு சரியா வருது, பாத்தியா?"

"அஞ்சு வயசுப் பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும். மெல்ல வரும். நீ படம் வரை, கணக்க நான் பாத்துக்கறேன்."

"ஒரு நாளு தலைய எண்ணிப் பாரேன். யாரும் பாக்காதப்ப."

"அந்த அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். அது இல்லாம, நீ பெத்ததையும் சேத்துதான் எண்ணணும். பரவால்லையா?" என்றாள் அக்கா.

நான் பேச்சை மாற்றினேன். நம்பிக்கை இல்லாதவளின் லட்சணம் அவ்வளவுதான்.

வருஷக் கடைசியில் கேரி தீவுக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். அங்கே செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவளுக்குத் தெரிந்த மண்டோர் ஒருவர் இருந்தார். கங்காணி வேலை, நல்ல மனிதர். மரங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும், எண்ணிப் பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது அக்காவின் கணக்கு. பள்ளிப் பஸ் ஒன்றை வாடகைக்குப் பேசினாள். டிரைவர் அண்ணன் எங்கள் குடும்பத்துக்கு ரொம்ப நாள் பழக்கம், அதிகம் பேச மாட்டார். பெரியவர்கள் என்று நாங்கள் மூன்று பேர்தான். அம்மாக்கள் யாரும் வரவில்லை. பஸ் புறப்படும்போது, தலையை எண்ணாதீர்கள் என்ற அந்த அம்மா மட்டும் ஜன்னலருகே வந்து, தன் பிள்ளையின் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளைக் கண்ணால்கூட எண்ணாமல் தரையைப் பார்த்தபடி போனார்.

செம்பனைத் தோட்டத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பச்சையாக, அழகாகத் தெரியும். உள்ளே போய் நின்றால்தான் தெரியும் சங்கதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே இருட்டு, ஒரே மட்டை. வந்த வழி எது என்று மரங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. வரிசைகளுக்கு நடுவே ஆழமான வடிகால் கான் வெட்டியிருந்தார்கள். கடல் ஏறும்போது அதில் தண்ணீர் ஏறும் என்றார் மண்டோர். காலையில் அடியில் சேறுதான் தெரிந்தது. அதன் மேல் ஒரு பலகை கிடந்தது. பலகைக்கு அப்பால் தகரக் கூரை போட்ட சின்ன முனீஸ்வரர் கோயில். செருப்பைக் கானுக்கு இந்தப் பக்கமே கழற்றிவிட்டுப் பலகையில் நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிள்ளைகளைக் கைப்பிடித்து ஒவ்வொருவராக அழைத்துப்போய்க் கும்பிடவைத்தோம்.

"பாம்பு வரும், பாத்து இருங்க டீச்சர். பிள்ளைங்கள தனியா விட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டு மண்டோர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டார்.

காலையெல்லாம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஐந்து ஐந்தாகக் குவித்தார்கள். மரங்களை எண்ணிக்கொண்டு போய்த் தங்கள் எண்ணுள்ள மரத்தைக் கட்டிப்பிடித்தார்கள். என் மகள் என் பக்கம் வரவில்லை. வகுப்பு நேரத்தில் நான் அம்மா இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அக்கா வருஷத் தொடக்கத்திலேயே அவளிடம் சொல்லியிருந்தாள். அதையும் அவள் சொன்னபடி செய்தாள். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை இடுப்புக்குக் கீழே வைத்து, யாருக்கும் தெரியாமல் ஆட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்தது. காற்றில்லை. மட்டைகள் எதுவும் அசையவில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லா மட்டைகளும் சரசரத்தன, பெரிய பெரிய துளிகள் விழுந்தன. அக்கா கத்தினாள், நான் கத்தினேன். பாய், தட்டு, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். பிள்ளைகள் கூச்சலிட்டபடி பஸ்ஸுக்குள் முண்டியடித்து ஏறினார்கள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் பாத்திரக் கூடையோடு முன்னால் டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எண் சொல்லுங்க!" என்று அக்கா நடுவில் நின்று கத்தினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மழைக்கு மேல் அவர்களும் கத்தினார்கள். ஏழு. எட்டு, ஒம்போது. பத்து. பதினொண்ணு. பன்னெண்டு.

"போலாம்ணே," என்றாள் அக்கா. பின்பக்கக் கதவு மூடியது.

அந்த எட்டைச் சொன்ன குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். வருஷம் முழுக்கக் கேட்ட குரல். அது என் மகளின் குரல் இல்லை என்பதும் தெரியும். ஆனால் என் மகள் எட்டு சொல்லி நான் கேட்ட நாளே இல்லையே, அதனால் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அவள் பின்னால் எங்கோ நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவின் விதியை மீறியதாகும் என்று பார்க்காமல் இருந்தேன்.

வீட்டுக்கு நேரே திரும்பியிருக்கலாம். ஜெஞ்சாரோமில் ஐஸ் கச்சாங் வாங்கித் தருவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். கிள்ளானுக்குப் போகிற வழியில் இல்லாத ஊர், ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. பாலம் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பிள்ளைகள் இறங்கி ஒட்டுக்கடைக்குள் ஓடினார்கள். நான் படியருகே நின்று ஒவ்வொருவருக்கும் தலையைத் துவட்டிவிட்டேன். கடைசிப் பிள்ளைக்கும் துவட்டினேன். துண்டைப் பிழிந்தேன். இன்னும் ஒன்று வரும் என்று நின்றேன்.

பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மறுபடியும் முன்னாலிருந்து பின்னால்வரை போனேன்.

"பாப்பா எங்க?" என்றேன் அக்காவிடம்.

"உள்ள இருப்பா. எல்லாரும் சொன்னாங்களே."

ஒன்பதாம் நம்பர்க்காரி வாய் நிறைய ஐஸோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து கேட்டேன், எட்டு யாரு சொன்னா?

"நான்தான் ஆன்டி. எப்பயும் நான்தானே சொல்லுவேன்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

அவளை அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. எழுந்து விலகிப் போனேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. டிரைவர் அண்ணன் போய் வண்டியைக் கிளப்பினார். எல்லாப் பிள்ளைகளையும் அப்படியே திரும்ப ஏற்றினோம். யாரும் ஐஸ் கேட்டு அடம்பிடிக்கவில்லை.

அக்கா மண்டோருக்குப் போன் செய்தாள். நான்காவது முறைதான் எடுத்தார். உடனே போய்ப் பார்க்கிறேன் என்றார். பாலத்துக்கு முன்னால் நெரிசலில் பஸ் நின்றபோது அவரே திரும்பக் கூப்பிட்டார். அக்கா சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

"பஸ்ஸு நின்ன எடத்துல யாரும் இல்லையே டீச்சர். கூப்புட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. மழையில கானெல்லாம் ரொம்பிருச்சு. கடலும் ஏறுற நேரம். நான் ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்."

கானெல்லாம் நிரம்பிவிட்டது என்று அவர் சொன்னது எனக்கு வேண்டாத வார்த்தை. காலையில் பார்த்த சேறு கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு நீந்தத் தெரியாது. குரலெழுப்பிக் கூப்பிடவும் தெரியாது. தன் எண்ணையே சத்தமாகச் சொல்லத் தெரியாத பிள்ளை அந்த மழையில் எப்படிக் கத்தியிருக்கும்? அவள் அப்பாவுக்குப் போன் செய்ய எடுத்தேன். திரும்பப் பைக்குள் போட்டேன். என்ன சொல்வது? உங்கள் மகள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாள் என்றா?

பின்னால் ஏதோ ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது. "டீச்சர், எட்டு செத்துப்போச்சா?"

"வாய மூடு!" என்று நான் அலறினேன். அக்கா என் தோளைத் தொட்டாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் வாக்கு, அந்த அம்மாவின் பயம், என் பஸ் விளையாட்டு, ஒன்பதாம் நம்பர்க்காரியின் வாய் எல்லாவற்றின் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தலையைத் தொட்டிருந்தால் போதும், ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும் என்று அதையே நினைத்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செம்மண் பாதையில் பஸ் திரும்பியபோது மண்டோரின் ஆட்கள் இன்னும் வந்திருக்கவில்லை. நான் பஸ் நிற்பதற்குள் குதித்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வரிசை வரிசையாக மரங்கள் நின்றன. எட்டாவது மரத்துக்கு ஓடினேன். யாரும் இல்லை. எந்த மரத்திலிருந்து எட்டு என்றும் எனக்குத் தெரியவில்லை. எல்லாமே எட்டாவது மரமாக இருந்தது.

அப்போது அக்கா கத்தினாள். அந்தச் சத்தத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

கானோரத்தில் மகளின் சிலிப்பர் இரண்டும் கிடந்தன. கிடந்தன என்பது தப்பு, வைக்கப்பட்டிருந்தன. ஜோடியாக, முனை தண்ணீரைப் பார்த்து, வீட்டு வாசலில் நான் வைக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒழுங்காக. கரை தொடத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பலகையின் மேலேயே அரை விரல் தண்ணீர் ஓடியது. அக்கா ஈர மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் தண்ணீருக்குள் காலை வைத்தேன். இறங்கித் தேட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

டிரைவர் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "இருங்கம்மா. கோயிலுக்குப் போற எடம்ல இது," என்றார். தன் சப்பாத்தைக் கழற்றக்கூட நில்லாமல் பலகையில் நடந்து போய், தகரக் கூரைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல் இருக்கு என்பதா, இல்லை என்பதா என்று புரியாமல் நான் அந்தப் பலகையைக் கடந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

முனீஸ்வரர் சிலைக்குப் பின்னால், மழை படாத மூலையில், காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. அட்டை நனைந்து எட்டின் மை சட்டையில் வழிந்திருந்தது. என்னைப் பார்த்தும் அவள் எழுந்து ஓடிவரவில்லை. நான்தான் விழுந்து அள்ளிக்கொண்டேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"ஏன்மா பஸ்ல ஏறல? எங்க போன? பஸ்ஸு போறதப் பாக்கலையா?"

"பாத்தேன்மா," என்றாள். பற்கள் தந்தியடித்தன. "ஓடி வந்தேன். கதவுகிட்ட வந்துட்டேன். உள்ள எட்டு சொல்லிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, அவளே பொறுமையாக விளக்கினாள்.

"எட்டு ஏறியாச்சு. அதனாலதான் நான் கீழேயே நின்னுட்டேன்."

விளையாட்டு எங்கே போகும், இந்தச் சின்ன மண்டைக்குள் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் வழிதவறவில்லை. விளையாடிக்கொண்டு பின்தங்கியும் விடவில்லை. கதவுக்கு ஒரு கை தூரத்தில், மழையில், நான் கற்றுக்கொடுத்ததை ஒரு தப்பும் இல்லாமல் செய்திருக்கிறாள்.

பலகையின் மறுபக்கத்தில் அக்கா பிள்ளைகளை இறக்கி நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டுச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். என் மகள் என் தோளிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் காதருகே, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கேட்டாள்.

"நான் இன்னும் அவுட்டாம்மா?"